கிட்டார் ஓர அலங்காரத்தில் நேரும் பிழைகளைச் சரிசெய்தல்

அக்கூஸ்டிக் கிட்டார் செய்பவர் மாதக்கணக்கில் உழைக்கும் பகுதிகளில் பெரும்பாலானவை உடலுக்குள் மறைந்துவிடுகின்றன. வெளியே தெரிவது ஓரத்தைச் சுற்றி ஓடும் பைண்டிங், அதை ஒட்டி உட்புறமாகச் செல்லும் மெல்லிய பர்ஃப்ளிங் கோடுகள், ஒலித்துளையைச் சூழ்ந்த ரோசெட் ஆகிய மூன்றும்தான். மேல்பலகை, பின்பலகை ஆகியவற்றின் வெட்டுமுனைகளை ஈரத்திலிருந்தும் இடிபடுவதிலிருந்தும் பைண்டிங் காக்கிறது என்பது உண்மையே ஆனாலும், ஒரு கருவியைக் கையில் எடுப்பவர் செய்தவரின் திறமையை இந்த மூன்று கோடுகளை வைத்தே எடைபோடுகிறார். இவற்றில் பிழை நேராமல் முதல் ஐந்தாறு கிட்டார்களைச் செய்து முடித்த எவரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே பிழை நேர்ந்தபின் என்ன செய்வது என்பதைப் பைண்டிங் ஒட்டும் முறையோடு சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடைவெளி தெரிந்த உடனே மரத்தூளையும் சூப்பர் க்ளூவையும் தேடிப் போவது பலருடைய வழக்கம். கருங்காலி, ஈட்டி போன்ற கரிய மரங்களில் அது செல்லுபடியாகும். மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் போன்ற வெளிர் மரத்தில் செல்லாது. பசையை உறிஞ்சிய ஸ்ப்ரூஸ் தூள் சுற்றியுள்ள மரத்தைவிடக் கருத்துப்போகும், வார்னிஷ் ஏறியபின் இன்னும் கருக்கும். வெளிர் மரத்தில் நேர்ந்த பிழைக்கு இரண்டே நல்ல தீர்வுகள் உண்டு: அதே மரத்தின் துண்டை, அதே இழைப்போக்கில் பொருத்துவது ஒன்று, அந்தப் பிழையை, வேண்டுமென்றே வைத்தது போன்ற ஒரு கோடாக மாற்றிவிடுவது மற்றொன்று. கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வடிவங்களே.

பிழையை முதலில் முழுதாகப் பார்த்தல்

பைண்டிங்கை மட்டப்படுத்திய பிறகு, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கைப் பலகையின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வைத்து, கிட்டாரை மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பின்பு சுத்தமான துணியில் நாப்தா என்னும் பெட்ரோலியக் கரைப்பானைத் தொட்டு ஓரம் முழுவதும் துடைத்தால், ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில், வார்னிஷ் பூசியபின் மரம் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படித் தெரியும். காய்ந்த மரத்தில் கண்ணுக்கே தட்டாத பசைக்கறை அப்போது மங்கலான திட்டாக எழுந்து நிற்கும். இடைவெளிகளும் கருங்கோடாகத் துலங்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, என்ன பிழை என்று அதில் எழுதிவிடுங்கள். நாப்தா எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் நெருப்போ சூடான கருவியோ இருக்கக் கூடாது.

அடுத்து, எந்தப் பசையால் ஒட்டினீர்கள் என்பதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்; பழுதுபார்க்கும் முறை அதைப் பொறுத்தே அமையும். மஞ்சள் நிற மரப்பசை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகத் தொடங்கும். விலங்குப் பசைக்குச் சூட்டோடு ஈரமும் வேண்டும். சூப்பர் க்ளூவை அசிட்டோன் கரைக்கும், ஆனால் பிளாஸ்டிக் பைண்டிங்கையும் சேர்த்தே கரைத்துவிடும். செல்லுலாய்டு பைண்டிங் எனில் அனல் துப்பாக்கியை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். அது நைட்ரோசெல்லுலோஸால் ஆனது, வேகமாகத் தீப்பிடிக்கும்.

இடுப்பில் விழும் இடைவெளி

பைண்டிங் பிழைகளில் பாதிக்கு மேல் கிட்டாரின் இடுப்பு வளைவில்தான் நேர்கின்றன. மற்ற இடங்களில் உடல் வெளிப்புறமாகப் புடைத்திருப்பதால், சுற்றிக் கட்டும் கயிறும் டேப்பும் பைண்டிங்கைக் காடிக்குள், அதாவது அது உட்காருவதற்காக ஓரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், அழுத்தும். இடுப்பு உட்குழிந்திருக்கிறது; அங்கே கயிறு பைண்டிங்கைத் தொடாமல் காற்றில் நேர்க்கோடாக நிற்கும். அதோடு, சூடான குழாயில் வளைத்த மரப்பட்டை ஆறியதும் சற்றே பழைய நிலைக்கு விரியும் இயல்புடையது. இவ்விரண்டும் சேர்ந்து, ஒட்டி முடித்து டேப்பை உரித்தவுடன் இடுப்பில் ஒரு மயிரிழைப் பிளவைக் காட்டிவிடுகின்றன.

பிளவின் அகலத்தை அளக்க, சாதாரண எழுதுதாளைச் செருகிப் பாருங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். தாள் நுழையாவிட்டால், பசையைப் பிளவின்மேல் விரலால் தேய்த்து உள்ளே செலுத்தி, இடுப்பின் வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டையைத் தக்கையோடு வைத்துக் கிளாம்ப்பால் ஓரிரவு இறுக்கினால் போதும். தாள் தாராளமாக நுழைந்தால் அழுத்தம் மட்டும் காப்பாற்றாது. இறுக்கும்போது மூடிக்கொள்ளும் பிளவு, சில மாதங்களில் ஈரப்பதம் மாறியதும் மறுபடி வாய் திறக்கும்.

அப்போது செய்ய வேண்டியது, அந்த இடத்தை மட்டும் பிரித்து மீண்டும் ஒட்டுவதே. ஹேர் டிரையரால் பைண்டிங்கை நிதானமாகச் சூடேற்றி, மெல்லிய தகடு ஒன்றைப் பிளவில் நுழைத்து, இடுப்பின் இருபுறமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு விடுவியுங்கள். தகட்டைப் பைண்டிங்கின் பக்கமாகச் சாய்த்தே நகர்த்த வேண்டும், ஸ்ப்ரூஸின் பக்கம் சாய்ந்தால் இழை கிளம்பிவிடும். விடுபட்ட பகுதியின் உட்புறத்திலும் காடியிலும் உள்ள பழைய பசையைச் சுரண்டி எடுத்தபின், பைண்டிங்கின் உட்புறத்தை ஸ்க்ரேப்பர் தகட்டால் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு மெலியச் செய்யுங்கள். இரண்டு மில்லிமீட்டர் பட்டையில் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் வளையும் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கேற்ப மாறுவதால், கால் பங்குக்கு மேல் விறைப்பு குறைந்துவிடும். விரலால் அழுத்தினாலே காடியில் போய் உட்காரும் நிலை வந்தபிறகு பசையிட்டு, முன்சொன்ன கட்டையால் இறுக்குங்கள். மெலிந்த அளவுக்குப் பைண்டிங் உள்வாங்கி நிற்கும் என்பதால் பக்கப்பலகையை அங்கே சிறிது சுரண்டி மட்டப்படுத்த வேண்டி வரும். பக்கப்பலகையின் மொத்தத் தடிமனே இரண்டு மில்லிமீட்டர் அளவுதான், கை நீளக் கூடாது.

ஸ்ப்ரூஸ் பக்கம் தெரியும் இடைவெளி

பர்ஃப்ளிங்குக்கும் மேல்பலகைக்கும் இடையில் விழும் இடைவெளியே மிகவும் கண்ணை உறுத்தும். அதைச் சரிசெய்வதில்தான் இழைப்போக்கின் முக்கியத்துவம் புரியும். மேல்பலகையின் இழைகள் கழுத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கி நீளவாக்கில் ஓடுகின்றன. கிட்டாரின் பக்கவாட்டு விளிம்புகளில் பர்ஃப்ளிங்கும் ஏறத்தாழ அதே திசையில் செல்கிறது. அங்கே இடைவெளி இருந்தால், அதே மேல்பலகையை வெட்டியபோது மிஞ்சிய துண்டிலிருந்து மெல்லிய சீவலை எடுத்து, ஒருபுறம் ஆப்புப்போல் மெலியவைத்து, பசை தடவிச் செருகிவிட்டால், மட்டப்படுத்தியபின் அது இருப்பதே தெரியாது. மேல்பலகையின் மிச்சத் துண்டுகளை வேலை முடியும்வரை தூக்கி எறியக் கூடாது என்பது இதற்காகத்தான்.

கிட்டாரின் அடிப்பக்கத்திலும் கழுத்தை ஒட்டிய மேற்பக்கத்திலும் நிலைமை வேறு. பர்ஃப்ளிங் அங்கே இழைகளைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. நீளச் சீவலை அந்த இடைவெளியில் வைத்தால், நின்றுகொண்டிருக்கும் இழைகளின் நடுவே படுத்துக்கிடக்கும் ஒரு வெளிறிய கீற்றாக அது தெரியும். குறுக்கிழையில் 0.3 மில்லிமீட்டர் சீவல் எடுக்க முயன்றால் கையிலேயே நொறுங்கும். நான் இரண்டாவதாகச் செய்த கிட்டாரில், அடிப்பக்கத்தில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு இப்படி ஓர் இடைவெளி விழுந்தது. தூளும் பசையும் வைத்து மூன்று முறை நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் பழுப்பு நிறத் தழும்பு முன்னைவிட அகலமாகியதுதான் மிச்சம். கடைசியில் மேல்பலகையைச் சுற்றிலும் பர்ஃப்ளிங்கின் உள்விளிம்பை ஒட்டி 0.5 மில்லிமீட்டர் அகலத்தில் காடி கீறி, கறுப்புச் சாயமேற்றிய மரக்கோடு ஒன்றைப் பதித்தேன். பார்த்தவர்கள் அந்தக் கோட்டைப் பாராட்டினார்கள். அது ஏன் அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இம்முறையைக் கையாளும்போது கோடு உடலைச் சுற்றி முழுமையாக ஓட வேண்டும். பிழை நேர்ந்த இடத்தில் மட்டும் தடித்துத் தெரியும் கோடு, பிழையைச் சுட்டிக்காட்டும் விரலாகிவிடும். காடியை ரூட்டரால் (சுழலும் அலகால் காடி வெட்டும் கை இயந்திரம்) மீண்டும் வெட்டுவதைவிட, விளிம்பைப் பற்றி நகரும் கீறுகருவியால் இருபுறமும் ஆழமாகக் கீறி, நடுவில் உள்ளதைக் குறுகிய உளியால் எடுப்பதே பாதுகாப்பு. ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

ரூட்டர் பிய்த்தெடுத்த இடம்

ரூட்டரின் வெட்டலகு இழைக்கு எதிராகச் செல்லும்போது ஸ்ப்ரூஸின் விளிம்பு பிய்ந்து பறக்கும். அந்த ஒலி கேட்டதுமே இயந்திரத்தை நிறுத்துங்கள். நிறுத்தியபின் தரையைப் பெருக்காதீர்கள். பறந்துபோன சில்லு எங்கோ சில அடி தூரத்தில்தான் கிடக்கும். அதைக் கண்டுபிடித்து அதே இடத்தில் ஒட்டுவதற்கு ஈடான பழுதுவேலை வேறில்லை, ஏனெனில் ஆண்டு வளையக் கோடுகள் தாமாகவே பொருந்தும். தூசி உறிஞ்சும் குழாயை இணைத்திருந்தால் அதன் பையையும் கொட்டிப் பாருங்கள்.

சில்லு கிடைக்கவில்லையெனில் ஒட்டுத்துண்டு போட வேண்டும். பிய்ந்த இடத்தைச் செவ்வகமாக வெட்டி எடுப்பது தவறு; இழைக்குக் குறுக்கே செல்லும் எந்த நேர்க்கோடும் வெட்டுத்தழும்பாகவே தெரியும். படகின் வடிவில், இரு முனைகளும் இழையோடு சேர்ந்து கூராக முடியும்படி குழியைச் செதுக்க வேண்டும். ஒட்டுத்துண்டை இரம்பத்தால் அறுக்காமல், மிச்சத் துண்டிலிருந்து உளியால் பிளந்து எடுங்கள். அப்போதுதான் அதன் இழைகள் இடையில் அறுபடாமல் முழு நீளம் ஓடும்.

துண்டை ஒட்டும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்ப்ரூஸின் இழைகள் பலகையின் பரப்புக்கு மிகச் சரியாக இணையாக இருப்பது அரிது. சற்றே மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்து ஓடும். இந்தச் சாய்வால், ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது மரம் வெளுத்தும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கருத்தும் தெரியும். துண்டை நாப்தாவால் நனைத்துக் குழியில் வைத்து, கிட்டாரை 180 டிகிரி சுழற்றிப் பாருங்கள். பலகை வெளுக்கும் நேரத்தில் துண்டும் வெளுத்தால் திசை சரி. பலகை வெளுக்கும்போது துண்டு கருத்தால் துண்டின் தலையை வாலாக்கி வையுங்கள். கோடுகள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், இந்தச் சோதனையில் தவறிய ஒட்டு மேடை விளக்கின் கீழே தனியாக மின்னும்.

அடுத்த முறை இது நேராமல் இருக்க, வெட்டும் திசையை மாற்றுங்கள். உடலின் அகன்ற இடத்தில் தொடங்கி இடுப்பை நோக்கியும், பிறகு அதே அகன்ற இடத்திலிருந்து அடிமுனையை நோக்கியும் தனித்தனியாக வெட்ட வேண்டும், மேற்பகுதியிலும் இப்படியே. இதில் சில பகுதிகளில் ரூட்டரைச் சுழற்சியின் போக்கிலேயே நகர்த்த நேரிடும், அப்போது இயந்திரம் முன்னே பாயப் பார்க்கும். ஆகவே இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, ஒரு நேரத்தில் மிகக் குறைவாகவே எடுக்க வேண்டும்.

காடி ஓரிடத்தில் ஆழமாகிவிட்டாலோ சாய்ந்துவிட்டாலோ (பின்பலகையின் குவிந்த பரப்பில் ரூட்டரின் அடித்தகடு சாய்வதால் இது நேரும்), அதன்மேல் பைண்டிங்கை ஒட்டிப் பசையால் ஈடுகட்ட முயல வேண்டாம். அந்தப் படியில் மெல்லிய மரத்தகட்டைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்தபின் சரியான ஆழத்துக்கு மறுபடி வெட்டினால் தீர்ந்தது.

அடிமுனையில் சந்திக்கும் கோடுகள்

கிட்டாரின் அடியில் பக்கப்பலகைகள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு குறுகிய அலங்காரப் பட்டை இருக்கும். அதன் ஓரக்கோடுகள் பைண்டிங்கின் கீழ் ஓடும் கோடுகளோடு 45 டிகிரியில் சந்திக்க வேண்டும். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டால், அந்த மூலையில் ஒரு பல் விழுந்தது போல் இருக்கும். குட்டையான கோட்டுக்கு ஒரு நுனித்துண்டை ஒட்ட வைப்பது வீண்வேலை. இணைப்பு தெரிந்தே தீரும். நடுப்பட்டையைச் சூடேற்றி எடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் அகலமான புதிய பட்டையைச் செய்யுங்கள். அகலம் கூடும்போது குட்டையான நுனிகள் வெட்டுக்குள் போய், புதிய சாய்வுவெட்டுக்குத் தேவையான நீளம் இருபுறமும் கிடைத்துவிடும். பட்டையைச் சற்றே ஆப்பு வடிவில் செய்தால் இன்னும் நல்லது, பொருத்தும்போது மேலும் கீழும் தட்டி இடைவெளியை மூடலாம்.

மீன்முள் வடிவப் பர்ஃப்ளிங் வைப்பவர்களுக்கு இங்கே கூடுதல் தலைவலி உண்டு. மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 கிட்டார்களில் 1940-களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டு, 1976-இல் எச்டி-28 மாதிரியோடு திரும்பி வந்த அந்த அலங்காரத்தில், இடப்பக்கத்து முட்களும் வலப்பக்கத்து முட்களும் நடுவில் கண்ணாடிப் பிம்பம்போல் சந்திக்க வேண்டும். ஒரு முள் அரைகுறையாக நின்றால், இரு பக்கங்களையும் சமமாகக் குறைத்து நடுவில் சிறிய கருங்காலித் துண்டு ஒன்றை வைப்பதே நேர்மையான வழி.

கறைகள்

சூப்பர் க்ளூ ஸ்ப்ரூஸின் வெட்டுமுனையில் பட்டால் நொடியில் உள்ளே ஊறி, எண்ணெய் சிந்தியது போன்ற கறையை விட்டுவிடும். அசிட்டோனால் கழுவினால் கறை நீர்த்து, இன்னும் அகலமாகப் பரவும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் ஸ்க்ரேப்பரால் சிறிது சிறிதாக, சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுரண்டலாம். அந்த இடத்தில் மட்டும் பள்ளம் பறித்தால் வார்னிஷின் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். ஆழமாக ஊறியிருந்தால் முன்சொன்ன கூடுதல் கோடுதான் துணை. பசையிடுவதற்கு முன்னரே காடியின் சுவர்களில் ஷெல்லாக் அரக்கை இருமுறை தடவி அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை எழுவதே இல்லை.

ஈட்டி மரத்தின் நிறம் வெள்ளைக் கோடுகளில் இறங்குவது வேறு வகைக் கறை. அம்மரத்தின் பிசின் ஆல்கஹாலில் கரையும்; ஷெல்லாக் தடவிய துணி ஈட்டியின் மேல் சென்று அப்படியே மேப்பிள் கோட்டின் மேலும் சென்றால், வெள்ளை ஊதாவாகிவிடும். கூரான ஸ்க்ரேப்பரின் ஒரு மூலையால் கோட்டை மட்டும் இரண்டு மூன்று முறை இழுத்தால் கறை போய்விடும். பிறகு மெல்லிய தூரிகையால் வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் ஷெல்லாக் பூசிக் காயவிட்டு, அதன் பின்னரே மற்ற இடங்களில் பூச வேண்டும்.

ரோசெட்

ரோசெட் பிழைகளில் ஒரு வசதி உண்டு: வளையத்தின் தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் விரல்பலகையின் நீட்சிக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே அங்கே விழும் பிழையைப் பழுதுபார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். காடி அகலமாகிவிட்டால் வளையத்தின் வெளிவிளிம்பில் ஒரு கறுப்புக் கோட்டை முழு வட்டமாகச் சேர்க்கலாம். காடி ஆழமாகிவிட்டால் அடியில் மெல்லிய மரத்தகட்டை இட்டு உயர்த்தலாம். மேல்பலகையின் தடிமனே சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால், காடி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் இந்தத் தகடு வலுவுக்கும் தேவைப்படும். சிப்பித் துண்டுகளின் இடுக்கில் தெரியும் இடைவெளிக்குக் கருங்காலித் தூள் கலந்த எபாக்ஸி போதும். சுற்றிலும் கறுப்புக் கோடுகள் இருந்தால் அது அவற்றோடு கலந்துவிடும். சிப்பியைத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் தேய்க்கக் கூடாது.

ஒலித்துளை ரோசெட்டின் மையத்திலிருந்து விலகிவிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஸ்ப்ரூஸ் பட்டை ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தெரியும். கண் இதை அரை மில்லிமீட்டரிலேயே கண்டுபிடித்துவிடுகிறது. ரோசெட்டை வெட்டப் பயன்படுத்திய மையத்தை வைத்தே துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கிச் சரிசெய்யலாம். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் இதனால் உடலின் காற்று ஒத்ததிர்வு மிகச் சிறிதளவே உயரும், காதுக்கு எட்டாது.

பிளாஸ்டிக் பைண்டிங்

இதில் பழுதுபார்ப்பது எளிது, பொறுமை மட்டும் வேண்டும். அதே பைண்டிங்கின் துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஓரிரவு வைத்தால் குழம்பாகிவிடும். அதை இடைவெளியில் சற்று மேடாக வைத்துக் காயவிட வேண்டும். அசிட்டோன் ஆவியாகும்போது குழம்பு சுருங்குவதால் இரண்டு மூன்று அடுக்குகள் தேவைப்படும். மேலே காய்ந்துவிட்டதே என்று மறுநாளே தேய்த்து மட்டப்படுத்தினால், ஒரு வாரத்தில் அந்த இடம் குழிந்து நிற்கும்.

எப்போது முழுவதையும் கழற்றுவது

ஒரே பக்கத்தில் மூன்று இடங்களுக்கு மேல் பெரிய இடைவெளிகள் இருந்தால் ஒட்டுவேலையைத் தொடங்காதீர்கள். பைண்டிங்கைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. அதன்மேலேயே ரூட்டரை ஓட்டி, பழைய காடியைவிட 0.2 மில்லிமீட்டர் அகலமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இதற்கு ஒருநாள் போகும், ஒட்டுவேலைக்கு ஒரு வாரம் போகும்.

ஆனால் எல்லாப் பிழையும் திருத்தத்தக்கதல்ல. சுரண்டும்போது பைண்டிங் ஓரிடத்தில் 0.3 மில்லிமீட்டர் மெலிந்துபோனால் நிரப்புவதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்த மெலிவை இருபுறமும் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்துக்குப் படிப்படியாகப் பரப்பிவிடுங்கள். மூன்று சென்டிமீட்டருக்குள் மெலிந்து தடிக்கும் கோட்டைக் கண் பிடித்துவிடும், முப்பது சென்டிமீட்டரில் மெல்ல மாறும் கோட்டைக் கவனிக்காது.

எல்லாம் முடிந்தபின் மறுபடி நாப்தாவால் துடைத்து, பக்கவாட்டு விளக்கில் பார்த்து, ஒட்டிவைத்த டேப் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். டேப்பை ஹேர் டிரையரால் இலேசாகச் சூடாக்கி, பலகையை ஒட்டித் தாழ்வாக மடித்து இழுக்க வேண்டும். சரிசெய்த இடத்தின் பக்கத்திலேயே அந்த டேப் ஸ்ப்ரூஸின் ஒரு நாரைப் பிய்த்துக்கொண்டு வந்தால், பழுதுவேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.